மருந்தே நோயானால்

சென்ற மாதம் புனேயிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருந்தார். தங்கையின் திருமணத்துக்காக மதுரை சென்ற அவருடைய மனைவியார், கால் பெருவிரல் வீக்கத்துக்காக அங்கே ஒரு மருத்துவரைக் கண்டிருக்கிறார். யூரிக் அமிலம் மிகுதி என்று அல்லோபியூரினால் மாத்திரை எழுதிக் கொடுத்தாராம். புனே திரும்பிய மூன்றாம் வாரம் உடலெங்கும் கொப்புளம்; வாயிலும் கண்ணிலும் புண். பதினெட்டு நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தார். “இதற்கு நியாயம் கேட்க முடியுமா? முடியுமென்றாலும் மதுரைக்கும் புனேக்குமாக எத்தனை முறை அலைவது?” என்று அன்பர் வினவுகிறார்.

இரண்டாம் வினாவுக்கு முதலில் விடை கூறுவோம்; வெளியூரில் வாழும் நமக்கு அதுவே பெருந்தடை. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டப்படி, எதிர்த்தரப்பார் இருக்கும் ஊருக்கோ சம்பவம் நிகழ்ந்த ஊருக்கோதான் போகவேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, முறையிடுவோர் தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனுக் கொடுக்க இடந்தருகிறது. ஆகவே புனேயே போதும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுவுக்குக் கட்டணமில்லை. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதுமில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்துவிட வேண்டும்.

இனி முதல் வினா. பக்க விளைவு நேர்ந்த ஒன்றே நஷ்ட ஈட்டுக்குப் போதாது. மருந்தின் தயாரிப்பில் குறையிருந்தாலும், தக்க எச்சரிக்கை தரப்படாவிட்டாலும் உற்பத்தியாளர் பொறுப்பாவார் என்கிறது 84-ஆம் பிரிவு. எனினும் 87-ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. நிபுணரின் மேற்பார்வையில் மட்டுமே வழங்கத்தக்க பொருளாயின், அந்த நிபுணருக்கு முறையாக எச்சரித்திருந்தாலே எச்சரிக்கை தரவில்லை என்ற குற்றச்சாட்டு உற்பத்தியாளரைச் சாராது. எனவே சீட்டு மருந்தைப் பொறுத்தவரை வினா பெரும்பாலும் மருத்துவரிடமே வந்து நிற்கும். சிறுநீரகத்தைச் சோதித்தாரா? சிறிய அளவில் தொடங்கினாரா? தோலில் தடிப்புக் கண்டால் உடனே மாத்திரையை நிறுத்துமாறு சொன்னாரா? கட்டணம் பெறும் மருத்துவர் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டவரே என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

கல்கத்தாவில் 1998-இல் தோல் தடிப்புடன் வந்த ஒரு பெண்மணிக்கு நீடித்து வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசியை 80 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இருமுறை போடுமாறு எழுதினார்கள். அவர் அவ்வாண்டே இறந்தார். தேசிய ஆணையம் 2006-இல் வழக்கைத் தள்ளியது. உச்ச நீதிமன்றம் 2009-இல் கவனக்குறைவு என்று தீர்ப்பளித்து, 2013-இல் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் வழங்க ஆணையிட்டது. பதினைந்து ஆண்டுகள்! வழக்காடிய கணவர் தாமும் மருத்துவர். அத்தனை அறிவும் பொறுமையும் நம்மில் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஆதலால் சான்றுகளைக் காப்பதே நம் கையிலுள்ள பலம். மருந்துச் சீட்டு, கடை ரசீது, தொகுதி எண் உள்ள மாத்திரை அட்டை ஆகியவற்றை எறிந்துவிடலாகாது. ரசீது வேண்டாமென்று கடைக்காரரிடம் நாமே சொல்லும் பழக்கம் பெருங்கேடு. சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு விதி. மருந்தின் தரத்தில் ஐயமிருந்தால், 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் 26-ஆம் பிரிவின்படி எவரும் கட்டணம் செலுத்தி அரசு ஆய்வாளரிடம் சோதனைக்கு அனுப்பலாம். காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையத்துக்கு 1800-180-3024 என்ற எண்ணில் பக்க விளைவைத் தெரிவிக்கலாம். தமிழிலும் படிவம் உண்டு. அதனால் பணம் வராது. அதே மாத்திரையை விழுங்கவிருக்கும் வேறொருவருக்கு உதவும்.

அன்பர் மீண்டும் எழுதியிருக்கிறார். மாத்திரை அட்டை அகப்படவில்லையாம். சீட்டு மட்டும் திருமண அழைப்பிதழின் உறைக்குள் இருந்திருக்கிறது. அதில் முதல் நாளிலிருந்தே 300 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது. வழக்கமான தொடக்க அளவு 100. புனே மருத்துவமனையின் குறிப்புகளைக் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பிக்குமாறும், அங்கே சிகிச்சையளித்த மருத்துவரிடம் நோயின் காரணத்தை எழுதி வாங்குமாறும் அவருக்குத் தெரிவித்திருக்கிறோம்.