பரணிலிருந்து இறங்கிய ஹுக்கா

 

இப்பகுதிக்கு வரும் மடல்கள் பெரும்பாலும் சமையற்கட்டைச் சார்ந்தவை. சென்ற திங்கள் திருவண்ணாமலையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய மடல் சற்று வேறுபட்டது. மகளின் நிக்காஹ்வை முன்னிட்டு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பரணில் சாக்குத் துணியில் சுற்றிய பழைய பித்தளை ஹுக்கா ஒன்று கிடைத்ததாம். மாமனாரின் பாட்டனார் பயன்படுத்தியது. உடலெல்லாம் பச்சைக் களிம்பு. துணி சுற்றிய வளைகுழாய் நைந்து கிடக்கிறது.

சகோதரி கேட்டவை இரண்டு. முதலாவது, இதனைக் கெடாமல் துலக்குவது எப்படி? இரண்டாவது கேள்விதான் அவருடைய உறக்கத்தைக் கெடுத்திருக்கிறது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்துள்ள கொழுந்தனார், "அண்ணி, நன்றாகக் கழுவிக் கொடுங்கள், புதுக்குழாய் நான் வாங்கி வருகிறேன். விடுமுறை இரவுகளில் மாடியில் அமர்ந்து புகைக்கலாம். புகை நீருக்குள் புகுந்து வருவதால் கேடெல்லாம் நீரிலேயே தங்கிவிடும்" என்கிறார். கல்லூரியில் முதலாண்டு பயிலும் மகன் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். மாமியாரோ, "முன்னோர் பிடித்ததுதானே" என்கிறார். "நான் என்ன சொல்வது?" என்று மடலை முடித்திருக்கிறார் சகோதரி.

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. முறையாகத் துலக்கத் தொடங்கினால் அது தானே வெளிப்படும்.

வந்த வழி

நீர் புகையைத் தூய்மையாக்கும் என்பது கொழுந்தனாரின் சொந்தக் கருத்தன்று. நானூறு ஆண்டுகளாக உலவி வருவது. அக்பர் அவையின் மருத்துவர் ஹக்கீம் அபுல் ஃபத்ஹ் கீலானி, புகையை நீரில் கழுவி எடுப்பதற்கென்றே ஹுக்காவை அமைத்தார் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. அவரோ 1589-ல் மறைந்தவர். பீஜப்பூரிலிருந்து அஸத் பேக் என்பவர் அக்பரின் அவைக்குப் புகையிலையைக் கொணர்ந்தது 1604-ஐ ஒட்டிய காலத்தில். ஆகவே அக்கதையை அப்படியே ஏற்பது கடினம். அக்பரின் மகன் ஜஹாங்கீர் 1617-ல் புகைப்பதற்குத் தடை விதித்தார் என்பதையும் நினைவிற் கொள்க. அரண்மனையிலேயே ஐயம் இருந்திருக்கிறது!

அரபு நாடுகள் சிலவற்றில் ஹுக்காவுக்கு 'நார்கீலா' என்று பெயர். தேங்காயைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்தது அது. தேங்காய் ஓட்டில் நீர் நிரப்பிப் புகைத்த காலத்தின் சுவடு. நம் பக்கம் ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் நிஜாமும் சேர்ந்து கும்பெனிப் படையோடு செங்கத்திலும், பின்னர் திருவண்ணாமலையிலும் பொருதிய காலத்தில், நவாபின் அலுவலரும் கும்பெனித் துரைமாரும் ஒருங்கே விரும்பிய பொருள் ஹுக்கா. அந்நாளைய ஓவியங்களில் இதனைக் காணலாம். எனவே வடஆர்க்காட்டுப் பழைய வீட்டின் பரணில் ஒரு ஹுக்கா கிடைப்பது வியப்பன்று.

முதலில் இனம் காண்க

துலக்குமுன் அது எவ்வகை உலோகம் என்று பாருங்கள். கார்த்திகை மாதத்தில் திருவண்ணாமலைத் தெருக்களில் அண்டை வீட்டார் குத்துவிளக்குகளைப் புளியிட்டுத் துலக்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, எல்லாவற்றுக்கும் புளியே மருந்து என்று தோன்றும். பித்தளைக்கும் செம்புக்கும் அது சரி. எல்லா ஹுக்காவும் பித்தளையன்று.

கரிய உடலில் வெள்ளிப் பூவேலை பதித்திருந்தால் அது பீதர் நகரத்து பித்ரி வேலையாக இருக்கலாம். துத்தநாகத்தோடு சிறிது செம்பு கலந்து வார்த்து, வெள்ளி பதித்து, பீதர்க் கோட்டையின் பழைய மண்ணையும் நவச்சாரத்தையும் கொண்டு கறுப்பேற்றுவது அத்தொழில். 2006-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் கறுப்பே அதன் அழகு. புளியோ எலுமிச்சையோ பட்டால் கறுப்பு கலைந்து துத்தநாகமும் அரிக்கப்படும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தெடுத்தால் போதும். ஐதராபாத் சாலார்ஜங் அருங்காட்சியகத்திற்குச் செல்வோர் இவ்வேலையின் சிறந்த மாதிரிகளைக் காணலாம்.

உடலில் பெயரோ ஆண்டோ பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அவ்விடத்தைத் தேய்க்காதீர்கள். பாட்டனாரின் பெயர் பளபளப்பினும் மேலானது.

துலக்கும் முறை

1. சமையற்கட்டில் இவ்வேலை கூடாது. கொல்லையில் அல்லது மாடியில், குழந்தைகள் இல்லாத வேளையில், பழைய செய்தித்தாளை விரித்துச் செய்க. ரப்பர் கையுறை அவசியம். உள்ளே படிந்திருப்பது புகையிலைப் பிசின். அதிலுள்ள நிக்கோட்டின் என்னும் நச்சு தோல் வழியாகவும் உடலில் ஏறும். பச்சைக் களிம்பும் நஞ்சே. உலர்ந்த நிலையில் சுரண்டினால் தூள் பறந்து மூக்கில் ஏறும். நனைத்த பின்னரே தொடுக.

2. பாகங்களைப் பிரித்தெடுங்கள். அடியில் நீர்க்கூஜா, நடுவில் தண்டு, உச்சியில் புகையிலையும் கரியும் வைக்கும் மண்கிண்ணமான சிலிம், பக்கவாட்டில் வளைகுழாய். திருகி வராவிடில் நெருப்பில் காட்ட வேண்டா. பழைய பற்றவைப்பில் ஈயம் இருக்கக்கூடும், அது உருகும். இணைப்பில் சிறிது தேங்காயெண்ணெய் விட்டு ஓரிரவு வைத்தால் பெரும்பாலும் நெகிழும்.

3. பித்தளைக் கூஜாவினுள் வெதுவெதுப்பான நீரும் சீயக்காய்த் தூளும் இட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து, புட்டி கழுவும் நீண்ட தூரிகையால் தேயுங்கள். நீர் தெளிவாக வரும்வரை மும்முறை, நான்முறை மாற்றுக. தண்டு மரமாயின் ஊறவைக்காமல், ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துக. கண்ணாடிக் கூஜாவாயின் கொதிநீர் ஊற்றாதீர்கள், விரிசல் காணும். வெதுவெதுப்பான நீரும் சமையல் சோடாவும் போதும்.

4. வெளிப்புறத்துக்குப் புளியும் சிறிது உப்பும் துணியில் தொட்டு மெல்லத் தேய்த்து உடனே கழுவுக. புளியில் ஊறப்போட வேண்டா. நெடுநேரம் ஊறினால் பித்தளை செம்புநிறம் காட்டும். செங்கற்பொடி, மணல், இரும்பு நார் ஆகியவை வேலைப்பாட்டைத் தேய்த்துவிடும்.

5. பளிச்சென்று ஆகவேண்டும் என்று குளியலறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும்.

6. துடைத்து, வெயிலில் முழுதும் உலர்த்திய பின்னரே உள்ளே கொண்டு வருக. ஈரம் நின்றால் களிம்பு மீண்டும் பூக்கும்.

இத்தனை கழுவிய பின்னும் அக்கூஜாவில் பருகும் நீரோ மோரோ ஊற்றி வைக்கக்கூடாது. பற்றவைப்பிலுள்ள ஈயம் கழுவினால் போவதன்று.

கழுவிய நீர்

கழுவிக் கொட்டும் பழுப்பு நீரைக் கீரைப் பாத்தியிலோ, ஆடும் கோழியும் வாய்வைக்கும் இடத்திலோ ஊற்றாதீர்கள். நிறைய நீர்விட்டுக் கழிவறையில் ஊற்றிவிடுக. புகையிலையை ஊறவைத்த நீரை நம் உழவர்கள் பூச்சிக்கொல்லியாகத் தெளித்ததைப் பெரியவர்கள் அறிவர். பூச்சியைக் கொல்லும் அதே சரக்குத்தான் இதுவும்.

வளைகுழாய் சொல்லும் சாட்சி

இனி வளைகுழாய். துணி சுற்றிய பழைய குழாயைக் கழுவ இயலாது. உட்புறம் உலராமல் பூஞ்சை பிடிக்கும். எறிந்துவிட வேண்டியதுதான். ஆனால் எறியுமுன், சகோதரி, கையுறையோடு அதனை நீளவாக்கில் அறுத்து, மகனையும் கொழுந்தனாரையும் அழைத்துக் காட்டுங்கள்.

ஹுக்காவில் புகை செல்லும் வழியை எண்ணிப் பாருங்கள். சிலிமில் தோன்றிய புகை தண்டின் வழியே இறங்கி, நீருக்குள் புகுந்து, குமிழிகளாக மேலெழுந்து, அதன் பின்னரே வளைகுழாயை அடைகிறது. நீர் முந்தியது; குழாய் பிந்தியது. நீர் புகையைத் தூய்மை செய்திருந்தால், நீரைத் தாண்டிய குழாயினுள் ஒன்றும் படிந்திருக்கலாகாது. அறுத்துப் பார்த்தால் உள்ளே கறுப்புப் பிசினைக் காண்பீர்கள். குழாயில் ஒட்டியது போக எஞ்சியது எங்கே போயிற்று? புகைத்தவரின் நெஞ்சுக்குள்தான்.

காரணம் எளிது. குமிழியின் ஓரத்துப் புகை மட்டுமே நீரைத் தொடுகிறது. நடுவிலுள்ளது தொடாமலே மேலெழுகிறது. கூஜா நீர் மஞ்சளிப்பதைக் கண்டு எல்லாம் அதில் இறங்கிவிட்டதாக மயங்குகிறோம். நீர் செய்யும் பெரிய வேலை புகையைக் குளிர்விப்பதே. குளிர்ந்த புகை தொண்டையைச் சுடாது. சுடாததால் ஆழமாகவும் நெடுநேரமும் இழுக்கத் தோன்றுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வெளியிட்ட அறிவுரையில், ஒரு மணி நேர ஹுக்கா அமர்வில் உள்ளிழுக்கப்படும் புகையின் கொள்ளளவு ஒரு சிகரெட்டுப் புகையினும் 100 முதல் 200 மடங்காக இருக்கலாம் என்று குறித்திருக்கிறது.

இதனினும் உடனடி ஆபத்து கரியில் இருக்கிறது. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு எழும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. நீரில் கரைவதும் மிகச் சொற்பம். 'புகையிலை இல்லாத மூலிகை ஹுக்கா' என்று விற்பதற்கும் கரி வேண்டுமாதலால் அதிலும் இந்நஞ்சு உண்டு. கதவடைத்த அறையில் தலைவலி, மயக்கம், வாந்தி கண்டால் உடனே திறந்த வெளிக்குக் கொண்டு வந்து 108-ஐ அழையுங்கள். ஒரே வாய்க்குழலைப் பலர் பகிர்வதால் நோய்க்கிருமிகளும் பகிரப்படுகின்றன. வாய்க்குழலை எத்தனை முறை கழுவினாலும் இக்கரிப்புகை கழுவப்படுவதில்லை.

நம் அரசும் இதனை உணர்ந்திருக்கிறது. ஹுக்காக் கூடங்களைத் தடுக்கும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் 2022 அக்டோபரில் நிறைவேறி, 2023-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. ஓட்டலிலோ சிற்றுண்டிச்சாலையிலோ ஹுக்கா நடத்துவோருக்குச் சிறைத்தண்டனையே உண்டு. ஊரில் தடுக்கப்பட்டதை மாடியில் விரிப்பது மகனுக்கு என்ன பாடத்தைக் கற்பிக்கும்? புகைத்தல் வெறுக்கத்தக்கது என்றோ விலக்கப்பட்டது என்றோதான் உலமாக்களுள் பெரும்பாலோர் கூறுகிறார்கள்.

மாமியாருக்கு ஒரு சொல்

"முன்னோர் பிடித்ததுதானே" என்னும் பெரியவரிடம் வாதம் வேண்டா. முன்னோர் அறியாமற் செய்ததற்கு அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அறிந்த பின் நாம் செய்வதற்கு நாமே பொறுப்பு. பாட்டனாரை மதிக்கும் வழி அவருடைய பொருளைக் காப்பதே. அவருடைய பழக்கத்தைத் தொடர்வதன்று. இதனை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். கொழுந்தனாரிடமும் கடுமொழி வேண்டா. பாலைவெயிலில் உழைத்து ஊர் திரும்பியவர் குடும்பத்தாரோடு கூடியிருக்க விரும்புகிறார். அந்த விருப்பம் நல்லது. மாடியில் பாயை விரித்துச் சுலைமானித் தேநீரும் சமோசாவும் கொடுங்கள். பேச்சுக்குப் புகை தேவையில்லை.

துலக்கிய ஹுக்காவைக் கூடத்து அலமாரியில் வையுங்கள். சிலிமைத் தனியே எடுத்துப் பெட்டியில் பூட்டுக. புதுக்குழாய் வாங்க வேண்டா. தண்டின் மேல்வாயைத் தக்கையால் அடைத்துவிடுங்கள். அருகில் ஓர் அட்டையில் பாட்டனாரின் பெயரையும், அவர் வாழ்ந்த தெருவையும், செய்த தொழிலையும் மகனின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். நிக்காஹ்வுக்கு வரும் உறவினர் அதனைப் பார்த்து அவரை நினைவுகூர்வர். அவருக்காக துஆச் செய்வர்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.