மருந்தடித்தால் தீராது

வெள்ளை ஈயால் தென்னை சாகாது, வீரியமான மருந்தை இரண்டு முறை அடித்தால் போதும் என்கிறார் நண்பர். சாகாதுதான். ஆனால் கீழ்மட்டையின் ஓலையைத் திருப்பிப் பாருங்கள் ஐயா! சுருள் சுருளாக வெள்ளை மெழுகு, அதில் முட்டை. சாற்றை உறிஞ்சி ஈ வடிக்கும் இனிப்புக் கழிவு அடியிலுள்ள மட்டைகளில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. தேய்த்தால் விரலில் அடுப்புக்கரி போல ஒட்டும். அந்தக் கரியைத் தாண்டி ஓலைக்கு வெயில் எப்படி எட்டும்? ஊடுபயிரான வாழையும் கொய்யாவும்கூடத் தப்புவதில்லை.

மத்திய அமெரிக்காவின் இந்தப் பூச்சி 2016-ல் பொள்ளாச்சியில் தென்பட்டது. அதை அடக்கும் என்கார்சியா குளவியும் நம் தோப்புகளில் இருக்கிறது. கடுகைவிடச் சிறியது. ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும். பிறக்கும் புழு அதை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். உங்கள் மருந்து இந்தக் குளவியைத்தான் அழிக்கிறது. ஈயோ ஓலையடியில், மெழுகுக்குள் பத்திரமாக இருக்கிறது. பகையாளி இல்லாத தோப்பில் இன்னும் பெருகுகிறது.

தண்ணீரை ஓலையடியில் வேகமாகப் பீய்ச்சுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். குளவி அடைந்த ஓலைத்துண்டுகளை வாங்கிவந்து மரத்தில் செருகுங்கள். கருத்த தோப்பு தெளிய மாதங்கள் ஆகும். அதற்குள் தெளிப்பானைத் தூக்காதீர்கள்.