ராபின் ஏன் பேட்மேனை விட்டுப் போனான்? வில்லுப்பாட்டுக்குத் தெரிந்த பதில்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏதாவது ஒரு ஊர்க் கொடைக்குப் போய்ப் பாருங்கள். சுடலைமாடன் கோயிலோ முத்தாரம்மன் கோயிலோ, பந்தலில் மணி கட்டிய பெரிய வில் இருக்கும். அதன் முன்னால் வீசுகோலோடு அண்ணாவி உட்கார்ந்திருப்பார். கதை அவருடையது, மரியாதையும் அவருக்குத்தான். ஆனால் குடம், உடுக்கை, தாளத்தோடு பக்கத்தில் சிலர் இருப்பார்கள். அவர்கள் வேலை "ஆமா" போடுவது.

"அப்ப ராசா படையைத் திரட்டிக் கெளம்புதாரு" என்பார் அண்ணாவி. "ஆமா" என்று குரல் வரும். அடுத்த வரியிலேயே, "எதுக்கு அண்ணாச்சி இந்த வேகாத வெயில்ல கெளம்புதாரு?" என்று பக்கத்தில் இருப்பவர் ஒரு கேள்வி போடுவார். கூட்டம் சிரிக்கும். அண்ணாவி விளக்கம் சொல்வார். கேட்டது பக்கத்து ஆள் என்றாலும், பதில் பந்தலில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும்தான்.

இதே வேலையைச் செய்ய ஆள் வேண்டும் என்று அமெரிக்க காமிக்ஸ்காரர்களுக்கு 1940-ல் தோன்றியது. அப்படி வந்தவன்தான் ராபின். பேட்மேனின் பக்கத்தில் நின்ற அந்தப் பையன் கடந்த 85 வருஷத்தில் எப்படி மாறினான் என்று பார்த்தால், ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். பக்கத்தில் நிற்பவனை வளர விட்டபோதெல்லாம் கதை பிழைத்திருக்கிறது. அவனைச் செலவுக்கணக்கில் எழுதியபோது கதைக்கே அவமானம் வந்திருக்கிறது.

ராபின் எதற்காக வந்தான்?

பேட்மேன் 1939-ல் அறிமுகமானார். இருட்டில் தனியாக அலைகிற ஆள். அவரை எழுதிய பில் ஃபிங்கருக்கு ஒரு சிக்கல்: ஹீரோ யாரிடம் பேசுவார்? மனசுக்குள்ளேயே எத்தனை பக்கம் பேசிக்கொண்டிருப்பார்? ஷெர்லாக் ஹோம்ஸுக்கு ஒரு வாட்சன் இருந்த மாதிரி பேட்மேனுக்கும் ஒரு துணை தேவைப்பட்டது. 1940-ல் ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 38-வது இதழில், பெற்றோரை இழந்த சர்க்கஸ் பையன் டிக் கிரேசன் ராபின் ஆனான். அவன் வந்த பிறகு விற்பனை ஏறக்குறைய இரட்டிப்பானது என்று காமிக்ஸ் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

வாங்கிப் படித்தவர்கள் சின்னப் பையன்கள். அவர்களால் பேட்மேன் ஆக முடியாது. ராபின் ஆவதாகக் கனவு காணலாம். உடனே எல்லாக் கம்பெனியும் ஆளுக்கொரு பையனைப் பிடித்தது. 1941-ல் கேப்டன் அமெரிக்காவுக்கு பக்கி, கிரீன் ஆரோவுக்கு ஸ்பீடி. கேள்வி கேட்பது, வில்லனிடம் மாட்டிக்கொள்வது, ஹீரோ வந்து காப்பாற்றுவது. பையனின் வேலை அவ்வளவுதான்.

சந்தேகம் எப்போது வந்தது?

யோசித்துப் பார்த்தால் விஷயம் கொஞ்சம் உறுத்தும். துப்பாக்கிக்கு முன்னால் ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிற பெரிய மனுஷன் எப்படி நல்லவன்? 1954-ல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் காமிக்ஸுக்கு எதிராக எழுதிய புத்தகம், பேட்மேன்–ராபின் உறவையே சந்தேகத்தோடு பார்த்தது. அதே வருஷம் காமிக்ஸ் கம்பெனிகள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதிகளைப் போட்டுக்கொண்டன.

ஸ்டான் லீக்கு பையன் துணைவர்களையே பிடிக்காது. 1962-ல் அவரும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேனைக் கொண்டுவந்தபோது, பள்ளிக்கூடப் பையனையே ஹீரோவாக்கிவிட்டார்கள். அவனுக்கு மேலே பெரியவர் யாரும் கிடையாது. தப்பு செய்தாலும் அவனேதான் சுமக்கவேண்டும்.

அந்தப் பக்கம் டி.சி. காமிக்ஸும் விழித்துக்கொண்டது. 1964-ல் மூன்று ஹீரோக்களின் துணைப் பையன்களைச் சேர்த்து ஒரு கதை வெளியிட்டார்கள். அதுதான் ‘டீன் டைட்டன்ஸ்’ குழுவுக்கு ஆரம்பம். ராபினுக்கு முதல் முறையாகத் தன் வயசு நண்பர்கள், தன் முடிவுகள். 20 வருஷம் கழித்து, 1984-ல், டிக் கிரேசன் ராபின் உடுப்பைக் கழற்றிவிட்டு ‘நைட்விங்’ என்ற புதுப் பெயரில் தனி ஹீரோ ஆனான். சண்டை போட்டுக்கொண்டு ஓடிப்போன கதையாக மட்டும் இதைப் பார்க்கவேண்டாம். கற்றுக்கொண்டவன் ஒருநாள் கிளம்பத்தானே வேண்டும்?

72 ஓட்டில் செத்த பையன்

காலியான இடத்துக்கு ஜேசன் டாட் என்ற இன்னொரு பையன் வந்தான். பேட்மேன் காரின் டயரையே திருடப் பார்த்தவன், தெருவில் வளர்ந்த கோபக்காரன் என்று அவன் கதையைத் திருத்தி எழுதினார்கள். வாசகர்களில் பலருக்கு அவனைப் பிடிக்கவில்லை.

1988-ல் ஜோக்கர் அவனை அடித்துப்போட்டு, குண்டு வெடிக்கிற இடத்தில் கதையை நிறுத்தினார்கள். அவன் பிழைக்கவேண்டுமா, சாகவேண்டுமா? வாசகர்கள் போன் போட்டுச் சொல்லலாம்; ஒரு அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்று 5,343 அழைப்பு. பிழைக்கட்டும் என்று 5,271. வெறும் 72 வித்தியாசத்தில் பையன் செத்தான்.

ரியாலிட்டி ஷோ எலிமினேஷனுக்கு ஓட்டுப் போட்டுப் பழகிய நமக்கு இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. பேட்மேனின் உயிரை யாரும் ஓட்டுக்கு விடமாட்டார்கள். பக்கத்தில் நிற்பவனின் உயிரை விடலாம் என்று தோன்றியது. ஆபீஸில் பிராஜெக்ட் சொதப்பினால் முதலில் யார் பெயர் அடிபடும் என்று யோசித்தால் இது புரியும்.

அதற்குப் பிறகு கதைகள் மாறின. 1989-ல் அறிமுகமான டிம் டிரேக் யாரும் கூப்பிட்டு வந்தவன் இல்லை. பேட்மேன் யார் என்று தானே துப்பறிந்தவன்; ‘பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் இந்த மனுஷன் கெட்டுப்போவார்’ என்று புரிந்துகொண்டு வந்தவன். கேள்வி கேட்ட பையன், ஹீரோவை நிலைதவறாமல் பார்த்துக்கொள்பவனாக மாறினான். அதற்கு முன்பே, 1986-ல் ஃபிராங்க் மில்லர் எழுதிய கதையில், கேரி கெல்லி என்ற பெண் ராபின் உடுப்பைப் போட்டுக்கொண்டு கிழட்டு பேட்மேனையே காப்பாற்றியிருக்கிறாள். செத்த பையன்களும் சும்மா இருக்கவில்லை. 2005-ல் ஜேசனும் திரும்பி வந்தான், கேப்டன் அமெரிக்காவின் பக்கியும் ‘வின்டர் சோல்ஜர்’ ஆகத் திரும்பி வந்தான். இரண்டு பேரும் கணக்குத் தீர்க்க வந்தவர்கள் மாதிரி இருந்தது தற்செயலாகத் தெரியவில்லை.

தமிழில் ராபின் யார்?

1972-ல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி தனி ஆள். லாரன்ஸ்–டேவிட் ஜோடி இரண்டு பெரியவர்கள், சமமான கூட்டாளிகள். மந்திரவாதி மாண்ட்ரேக்குக்கு லொதார் உண்டு. ஆரம்பத்தில் வேலைக்காரன் மாதிரி வரையப்பட்ட அந்தக் கறுப்பின வீரனுக்கு, 1960-களில்தான் ஒழுங்கான உடையும் பேச்சும் கிடைத்தன. காமிக்ஸ் புத்தகத்துக்குள் தமிழ் ராபினைத் தேடினால் அவ்வளவாகக் கிடைக்காது. மேடையில் தேடினால் நாகர்கோவிலில் கிடைப்பார்.

1908-ல் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன், நாடகக் கொட்டகையில் சோடா விற்ற சிறுவன். வில்லுப்பாட்டிலும் நாடகக் கம்பெனியிலும் வளர்ந்து, 1936-ல் ‘சதி லீலாவதி’ மூலம் சினிமாவுக்கு வந்தார். சினிமாவில் அவருக்குக் கிடைத்த இடம் ஹீரோவுக்குப் பக்கத்து இடம். ஆனால் அவர் அங்கே "ஆமா" மட்டும் போட்டுக்கொண்டு நிற்கவில்லை. வில்லுப்பாட்டில் பக்கத்துக் குரலுக்கு இருக்கும் உரிமையைத் திரைக்குக் கொண்டுவந்தார். டி.ஏ.மதுரத்தோடு சேர்ந்து தனக்கென்று தனிக் கதையும் தனிச் சிந்தனையும் வைத்துக்கொண்டார். 1949-ல் அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’யில் அவரே கதாநாயகன். பிறகு இயக்குநரும் ஆனார்.

அதைவிட முக்கியம், அண்ணாவி இடத்துக்கு வந்தபிறகு அவர் என்ன செய்தார் என்பது. 1948-ல் திருநெல்வேலிப் பக்கம் சத்திரப்புதுக்குளத்தைச் சேர்ந்த 20 வயசுப் பையன் ஒருவரைச் சென்னைக்குக் கூட்டிவந்தார். அவர்தான் சுப்பு ஆறுமுகம். கலைவாணர் பாடிய ‘காந்தி மகான் கதை’ வில்லுப்பாட்டை எழுதியவர். கலைவாணரின் படங்களுக்கு நகைச்சுவைப் பகுதிகளும் எழுதினார். 1957-ல் கலைவாணர் மறைந்தார். எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் தானே வில்லின் முன்னால் உட்கார்ந்தார். 2021-ல் பத்மஸ்ரீ கிடைக்கும் அளவுக்கு அந்த வில் ஒலித்தது. அவர் பக்கத்தில் அமர்ந்து பாடிய மகள் பாரதி திருமகன், 2022 அக்டோபரில் அப்பா மறைந்த பிறகும் பாடுகிறார்.

டிக் கிரேசன் நைட்விங் ஆக 44 வருஷம் ஆனது. வில்லுப்பாட்டில் ஒரே வில்லைச் சுற்றி மூன்று தலைமுறை இப்படி நகர்ந்திருக்கிறது.

எல்லோரும் வளர்ந்தே ஆகணுமா?

இதற்கு மறுப்பும் உண்டு. எல்லாத் துணைவனும் ஹீரோ ஆகிவிட்டால் அப்புறம் கதை கேட்பவர்கள் சார்பில் யார் பேசுவது? ராபின் என்றால் பையனாகவே இருந்தால்தான் அழகு என்று நினைக்கும் பழைய வாசகர்கள் நிறைய.

நாஞ்சில் நாட்டிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. தோல்பாவைக்கூத்தில் ராமாயணம் நடக்கும்போது இடையிடையே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வருவார்கள். அவர்களுக்கு வயசே ஆவதில்லை, ராமன் இடத்துக்கும் ஆசைப்படுவதில்லை. ஆனாலும் குழந்தைகள் காத்திருப்பது அவர்களுக்காகத்தான்.

நியாயமான வாதம்தான். ஆனால் அந்த இரண்டு பாவைகளும் என்ன பேசுகின்றன என்று கவனித்தால் விடை கிடைக்கும். ராமன் பேச வேண்டியதை ராமாயணம் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. உளுவத்தலையனுக்கு அப்படி எந்தக் கட்டும் இல்லை. இன்றைக்கு ஊரில் நடக்கிற விலைவாசியும் அரசியலும் வீட்டுச் சண்டையும் அவர்கள் வாயில்தான் வரும். வயசு ஏறாவிட்டாலும் சொந்தக் குரல் இருக்கிறது. நைட்விங்குக்குக் கிடைத்ததும் கடைசியில் அதுதானே?

ஆக, துணைவன் ஹீரோ ஆகித்தான் தீரவேண்டும் என்று இல்லை. அவன் வாயை அடைக்கக்கூடாது, அவன் உயிரை மலிவாக நினைக்கக்கூடாது, அவன் கிளம்பும் நாளில் வழிமறிக்கக்கூடாது. இந்த மூன்றும் இருந்தால் பக்கத்து இடமும் நல்ல இடம்தான். இன்றைக்கு யாருக்கோ அசிஸ்டென்டாக, ஜூனியராக, டிரெய்னியாக இருப்பவர்கள் தங்கள் ‘அண்ணாவி’யை அளந்து பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது கஷ்டம். நாளைக்கு வீசுகோல் அவர்கள் கைக்கு வரும்போது, அதே கோலால் தங்களையும் அளந்துகொள்ளலாம்.