வளர்ச்சிக் காரணியும் தொண்டை அடைப்பானும்

தொண்டை அடைப்பான் என்று தமிழிலும் கண்டசர்ப்பி என்று தெலுங்கிலும் வழங்கும் நோய், ஒரு தலைமுறைக்கு முன்வரை தாய்மாரை நடுங்க வைத்ததாகும். இன்றைய இளந்தாயருள் பெரும்பாலோர் அதனைக் கண்ணால் கண்டதில்லை. அச்சம் அகன்றது தடுப்பூசியின் வெற்றியே. ஆனால் அச்சத்தோடு கவனமும் அகன்றுவிட்டது. 2018ஆம் ஆண்டில் உலகெங்கும் அறிவிக்கப்பட்ட நோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 8,000க்கும் அதிகமானோர், இந்தியாவைச் சேர்ந்தவர்கள். இந்நோய் உடலினுள் புகும் வழியைப் பற்றி விஞ்ஞானம் கண்டறிந்த செய்தி பாடநூல்களில் அருகியே காணப்படுகிறது. களப்பணியாளரும் ஆசிரியரும் அதனை அறிந்திருப்பது நலம்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் என்னும் பொருள் 1916இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முதலில் அறியப்பட்டது. உயிரணுக்களைப் பெருகுமாறு தூண்டும் புரதங்கள் சில இப்பொருளை இறுகப் பற்றிக்கொள்கின்றன என்பது பின்னர்த் தெரியவந்தது. ஹெப்பாரின் ஏற்றிய மணிகள் நிரம்பிய குழாயின் வழியே திசுச் சாற்றை வடித்தால், அப்புரதங்கள் மட்டும் மணிகளில் தங்கிவிடும். செறிந்த உப்புநீரால் அவற்றைப் பின்னர் பிரித்தெடுக்கலாம். 1984இல் பாஸ்டன் நகரில் கிளாக்ஸ்பிரன், ஃபோக்மன் ஆகியோரின் குழுவினர் இம்முறையைக் கையாண்டு புற்றுக்கட்டியிலிருந்து இத்தகைய காரணி ஒன்றைத் தூய்மையாகப் பெற்றனர். உயிரணுக்களின் புறத்தே ஹெப்பாரினை ஒத்த சர்க்கரைச் சங்கிலிகள் இயல்பாகவே அமைந்துள்ளன. வளர்ச்சிக் காரணிகள் அவற்றில் ஒட்டி நின்று, வேண்டும்போது செயற்படுகின்றன.

இக்குடும்பத்தைச் சேர்ந்த காரணிகளுள் ஒன்று அளவு மீறும்போது நீரிழிவு நோயாளரின் விழித்திரையில் இரத்தக் குழல்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைக் கெடுக்கின்றன. அதனை அடக்கும் மருந்து இன்று கண்ணினுள் ஊசியாகச் செலுத்தப்படுகிறது. இவை அனைத்தையும் விரிக்க இங்கு இடமில்லை. தொண்டை அடைப்பானோடு தொடர்புடையது ஹெப்பாரின் பற்றும் மேற்றோல் வளர்ச்சிக் காரணி என்பதாகும். 1991இல் கிளாக்ஸ்பிரனின் ஆய்வுக்கூடத்தில் ஹிகாஷியாமா முதலியோர் இதனை இனங்கண்டனர். காயம்பட்ட தோல் மூடுவதற்கு இது துணை செய்கிறது. இதயத் தசையிலும் நுரையீரலிலும் இது காணப்படுகிறது. இக்காரணி அற்றுப் பிறக்கும்படி செய்யப்பட்ட எலிக்குஞ்சுகளுக்கு இதயம் வீங்கி, அதன் தடுக்கிதழ்கள் பழுதுபட்டன.

அடுத்த ஆண்டே, 1992இல், டல்லாஸ் நகரின் ஆய்வாளர்கள் எதிர்பாராத முடிவொன்றை வெளியிட்டனர். தொண்டை அடைப்பான் கிருமி உமிழும் நச்சு மனித உயிரணுவின்மேல் எதைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது என்பதை அவர்கள் நெடுநாள் தேடி வந்தனர். நச்சு பற்றும் பொருளும் இவ்வளர்ச்சிக் காரணியின் முன்வடிவமும் ஒன்றே என்று தெளிவாயிற்று. சுண்டெலியும் எலியும் இந்நச்சுக்கு எளிதில் இரையாவதில்லை என்று ஆய்வாளர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அவற்றின் காரணியில் சில இடங்களில் அமைப்பு வேறுபட்டிருப்பதால் நச்சுக்குப் பிடிகிடைப்பதில்லை என்பதே விடை. மனிதனுக்கு அந்தப் பேறில்லை. நச்சு உள்ளே புகுந்ததும் புரதம் ஆக்கும் வேலையை நிறுத்திவிடுகிறது. நச்சின் செயற்கூறு ஒரே ஒரு மூலக்கூறு உட்புகுந்தாலும் உயிரணு மடிந்துவிடும்.

அப்படியானால் அக்காரணியையே முடக்கும் மருந்தொன்றைக் கொடுத்து நோயைத் தடுக்கலாகாதா என்று மாணவன் வினவக்கூடும். நல்ல வினாவே. புண்ணை ஆற்றுவதும் இதயத்தைக் காப்பதும் அக்காரணிதானே! கள்வனுக்கு அஞ்சி வீட்டாரும் புகவியலாதபடி வாசலைச் சுவரெழுப்பி அடைப்பதற்கு ஒப்பாகும் அது. ஆயினும் இவ்வறிவு வீண்போகவில்லை. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் கொல்லும் ஆற்றலை இழந்த நச்சு ஒன்று உண்டு. அது காரணியைப் பற்றும், ஆனால் உயிரணுவைக் கொல்லாது. சில புற்றுநோய்களில் இக்காரணி மிகையாகச் சுரப்பதால், அதனை அடக்க இம்மாற்று நச்சைப் பயன்படுத்தும் ஆய்வு ஜப்பானில் நடைபெற்றுள்ளது. நம் குழந்தைகளுக்கு இடப்படும் நியுமோனியாத் தடுப்பூசியிலும் இதே புரதம் துணைப்பொருளாகச் சேர்கிறது.

எனவே கதவை மூட இயலாது. நச்சைக் கதவண்டை வருமுன் இரத்தத்திலேயே மடக்க வேண்டும். எதிர்நச்சு மருந்து செய்வது இதுவே. குதிரைகளிடமிருந்து பெறப்படும் அம்மருந்து, உயிரணுவினுள் ஏற்கெனவே புகுந்துவிட்ட நச்சை ஒன்றும் செய்ய இயலாது. ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் இழப்பே. நாயுடுபேட்டையில் தொண்டையில் சாம்பல் நிறப் படலத்தோடு கிடக்கும் பிள்ளையை ஏறக்குறைய அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் திருப்பதிக்கோ, அதனினும் தொலைவிலுள்ள சென்னைக்கோ கொண்டு செல்ல வேண்டியிருக்கலாம். 2018 செப்டம்பரில் தலைநகர் டெல்லியிலேயே, எதிர்நச்சு மருந்துத் தட்டுப்பாட்டிற்கிடையே, இந்நோயால் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். தலைநகருக்கே அந்நிலை நேருமாயின் எல்லைப்புறச் சிற்றூர்கள் மருந்தை நம்பியிருப்பது அறிவுடைமை ஆகாது.

எஞ்சுவது தடுப்பூசி. கைக்குழந்தைக்கு 6, 10, 14ஆம் வாரங்களில் இடப்படும் ஊசிகளைத் தாய்மார் பெரும்பாலும் தவறவிடுவதில்லை. ஆனால் அவற்றால் உண்டாகும் காப்பு ஆண்டுகள் செல்லச்செல்லத் தேய்கிறது. ஆதலால் 16 முதல் 24 மாதத்திற்குள்ளும், 5 முதல் 6 வயதிற்குள்ளும், பின்னர் 10, 16 வயதுகளிலும் ஊக்க ஊசிகள் வகுக்கப்பட்டுள்ளன. கடைசி இரண்டிலேதான் பெரும் ஓட்டை. அவ்வயதில் முன்னர் இடப்பட்டது இரண வாத ஊசி மட்டுமே. 2019இல் அதற்குப் பதிலாகத் தொண்டை அடைப்பான் கூறும் சேர்ந்த ஊசி நாட்டில் கொண்டுவரப்பட்டது. ஊசி மாறியும் பேச்சு மாறவில்லை. பள்ளியில் அது இன்றும் "டி.டி. ஊசி" என்றே வழங்குகிறது. ஆணி குத்தினால் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணும் பெற்றோர், காயமில்லாத பிள்ளைக்கு அது எதற்கு என்று கேட்டால் அவர்களைக் குறைகூறுதல் முறையன்று. அவர்களுக்கு எடுத்துரைக்காதவர்களே பொறுப்பாளர். தொண்டை அடைப்பானைக் குறிக்கும் எழுத்து ஊசியின் ஆங்கிலச் சுருக்கப்பெயரில் சிறிய எழுத்தாக அச்சிடப்பட்டுள்ளது. மருந்தின் அளவு குறைவென்பதை அது காட்டுகிறதேயன்றி அதன் இன்றியமையாமை குறைவென்பதையன்று.

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் அமைந்த நாயுடுபேட்டை போன்ற ஊர்களில் இன்னுமொரு சிக்கல் உண்டு. பிழைப்பை நாடி வரும் குடும்பங்கள் இரு மாநிலங்களுக்கிடையே இடம்பெயர்கின்றன. பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ் புதிய பள்ளிக்கு வந்து சேர்கிறது. தடுப்பூசி அட்டை பழைய வீட்டிலேயே தங்கிவிடுகிறது. சேர்க்கையின்போது சான்றிதழோடு அட்டையையும் கேட்டு வாங்கிப் பார்ப்பது தலைமையாசிரியருக்குப் பெருஞ்சுமையாகாது. அட்டை இல்லையெனில், செவிலியரிடம் அனுப்பி விடுபட்ட ஊசியை இடச்செய்யலாம். பத்து வயதுப் பிள்ளையைப் பள்ளியிலே காணலாம். பதினாறு வயதில் படிப்பை விட்டு வேலைக்குச் சென்றவனோ எந்த வருகைப் பதிவேட்டிலும் இல்லை. அவனைத் தேடிச் செல்ல வேண்டிய பொறுப்பு கிராம சுகாதாரப் பணியாளருடையது. அவன் பெயரைப் பழைய பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுக்க வல்லவர் ஆசிரியர் ஒருவரே.