வரம்பை உயர்த்தக் கேட்டால் கெடு சொல்லுங்கள்

மதுரை மாவட்டம் எழுமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் மாவு மில் நடத்துகிறவர் கூடுதல் மின்பளு கேட்டு மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்தால், அதற்கு ஒரு கெடு உண்டு. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு மின் நுகர்வோர் உரிமை விதிகள் கிராமப்புறத்துக்கு 30 நாள் என்று வைத்தன. 2024 பிப்ரவரியில் அதை 15 நாளாகக் குறைத்தார்கள். தாமதத்துக்கு இழப்பீடு கேட்கவும் வழி இருக்கிறது. நடைமுறையில் அலைச்சலே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனாலும் கேட்டவர் கையில் ஒரு விதி இருக்கிறது.

அதே ஊரில் வீட்டிலிருந்தபடியே, தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் செய்ய முனையும் இளைஞருக்கு அந்த விதிகூட இல்லை. கிளவுட் நிறுவனத்தில் கணக்குத் தொடங்கி, கார்டு விவரமும் கொடுத்தாயிற்று. ஏஐ வேலைக்கு வேண்டிய ஜிபியு சிப்புகளை எத்தனை வரை வாடகைக்கு எடுக்கலாம் என்ற வரம்பைப் பார்த்தால் திரையில் 0. உயர்த்தித் தரும்படி படிவம் நிரப்ப வேண்டும்: எந்த மண்டலம் (எந்த ஊர்ப் பகுதியின் தரவு மையம்), எத்தனை, எதற்காக. அனுப்பிய பிறகு ‘பரிசீலனையில்’ என்ற ஒரே சொல். சிலருக்குச் சில மணி நேரத்தில் கிடைக்கிறது. சிலருக்கு நாள்கணக்காகிறது. மறுத்தால் காரணம் தெளிவாகத் தெரிவதில்லை.

வரம்பே கூடாது என்பது நம் வாதம் அல்ல. திருட்டுக் கார்டில் கணக்குத் திறந்து கிரிப்டோ நாணயம் தோண்டுகிறார்கள். கடவுச்சாவி கசிந்துபோன அப்பாவி வாடிக்கையாளர் தலையில் லட்சக்கணக்கில் பில் விழுகிறது. அதைத் தடுக்கும் வேலிதான் இந்த வரம்பு. சிப்புகளுக்குத் தட்டுப்பாடும் உண்மை. 2020 மார்ச்சில் கொரோனா நெருக்கடியின்போது மருத்துவத்துக்கும் அவசர சேவைகளுக்கும் முன்னுரிமை தருவதாக மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே அறிவித்தது. காரணம் தெரிந்தால் யாரும் பொறுத்துக்கொள்வார்கள்.

காரணமும் சொல்லாமல் கெடுவும் சொல்லாமல் காக்க வைப்பதைத்தான் ஏற்க முடியாது. பெரிய நிறுவனத்துக்கு அதன் கணக்கைக் கவனிக்கவே தனி அதிகாரி இருக்கிறார். ஒரு போன் போதும். மதுரையில் வடபழஞ்சி, இலந்தைக்குளம் ஐடி பூங்காக்களில் நாலு பேரோடு நடக்கும் கம்பெனிக்கு அந்த போன் நம்பர் கிடையாது. முன்பு அதிகம் செலவழித்த கணக்குக்கு எளிதில் கிடைப்பதும், புதிதாக வந்தவர் வரிசையில் நிற்பதும் சிறு ஊர்களைத்தான் முதலில் பாதிக்கும். சென்னையில் 2015 முதல் மைக்ரோசாஃப்டின் மண்டலமும், மும்பையில் 2016 முதல், ஹைதராபாத்தில் 2022 முதல் அமேசானின் மண்டலங்களும் இயங்குகின்றன. நம் மண்ணில், நம் மின்சாரத்தில் ஓடும் இயந்திரங்களைக் காசு கொடுத்துக் கேட்கிறவருக்குப் பதில் சொல்லும் கடமை அந்த நிறுவனங்களுக்கு உண்டு.

இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அரசுப் பணிகளுக்கான கிளவுட் நிறுவனங்களை மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம்தான் பட்டியலில் சேர்க்கிறது. அந்தப் பட்டியலுக்கான நிபந்தனைகளில் மூன்றைச் சேர்க்கட்டும்: வரம்பு உயர்வுக்கு இத்தனை வேலை நாளில் பதில், மறுத்தால் காரணம், மறுபரிசீலனை செய்ய ஒரு மனிதர். 10,371.92 கோடி ரூபாயில் 2024 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற இந்தியா ஏஐ திட்டத்தில் மானிய விலை ஜிபியு கேட்பவர்களுக்கும் இதே கெடு வேண்டும். தனியாருக்கு விதிப்பதை அரசு தானும் கடைப்பிடிக்க வேண்டும்.

அதுவரை நம் பிள்ளைகள் ஏமாறாமல் இருக்கச் சில வார்த்தை. வாடிக்கையாளரிடம் தேதி சொல்வதற்கு முன்பே வரம்பு உயர்வுக்கு எழுதிப்போடுங்கள். ‘அதிகம் வேண்டும்’ என்று எழுதாதீர்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், மாதச் செலவு எவ்வளவு என்று கணக்கோடு எழுதுங்கள். சிறிதாகக் கேட்டு வாங்கி, பயன்படுத்திக் காட்டி, பிறகு கூட்டிக் கேளுங்கள். பெரும்பாலும் வரம்பு மண்டலத்துக்கு மண்டலம் தனி. மும்பையில் கிடைத்தது ஹைதராபாத்தில் செல்லாது. அனுமதி கிடைத்தாலும் அந்த நேரத்தில் இயந்திரம் காலியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே இரண்டாவது மண்டலத்திலோ இன்னொரு நிறுவனத்திலோ இன்றே ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள்.