பனியைப் படம் பிடிக்க லட்சங்கள் வேண்டுமா?

மார்கழி பிறந்துவிட்டால் புனே நகரின் காலைப் பொழுதே மாறிவிடுகிறது. முளா, முட்டா ஆறுகளின் மேல் வெண்பனி படர்ந்து நிற்கிறது. பர்வதி மலையின் 103 படிகளையும் ஏறி நின்று பார்த்தால், கீழே வீதிகள் தெரியாது. பனிக்கு மேலே மரங்களின் தலையும் கட்டடங்களின் உச்சியும்தான் தெரியும்.

இரவில் குளிர்ந்த காற்று கனமாகி ஆற்றுப் பள்ளத்தில் இறங்கிவிடுகிறது. அதற்கு மேலே வெப்பக் காற்று மூடிபோல் நிற்பதால், பனியும் புகையும் எழும்ப முடியாமல் தாழ்வாகவே தங்குகின்றன. ஜனவரியில் இங்கே சூரியன் தலை காட்டுவது 7 மணிக்குப் பிறகுதான். வெயில் ஏறியதும் பனி கலைந்துவிடும்.

அந்த நேரத்தில் நம்மவர்கள் எங்கே இருக்கிறார்கள்? சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கும், லோனாவளா லோக்கலுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். காட்சி கண்ணில் படுகிறது, கருத்தில் தங்குவதில்லை.

இப்போது இளைஞர்கள் சிலருக்குக் கேமரா மோகம் பிடித்திருக்கிறது. அதிலும் "ரேஞ்ச்பைண்டர்" எனப்படும் தூரம் அளக்கும் கேமரா என்றால் தனி மயக்கம். மோகம் தவறல்ல. ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும் அல்லவா?

இரண்டு ஜன்னல்

இந்தக் கேமராவில் லென்சு வழியாகப் பார்ப்பதில்லை. முகப்பில் தனியே இரண்டு சிறு ஜன்னல்கள் உண்டு. இரண்டிலும் வரும் உருவங்கள் நடுவிலே ஒன்றன்மேல் ஒன்றாக விழும். லென்சின் வளையத்தைத் திருப்பினால் இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் தூரம் சரி. நிலம் அளப்பவர் இரண்டு இடத்திலிருந்து பார்த்துத் தூரம் கணிக்கும் அதே முறைதான்.

ஜெர்மனியின் லைக்கா கேமரா 1925-ல் விற்பனைக்கு வந்தது. அதன் "எம்" வரிசை 1954-ல் தொடங்கியது. டிஜிட்டலில் முதல் ரேஞ்ச்பைண்டரைத் தந்தது ஜப்பானின் எப்சன் நிறுவனம், ஆண்டு 2004. பிலிம் இல்லாத அந்தக் கேமராவிலும், ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் பழைய கேமராபோல நெம்புகோலை இழுத்துவிட வேண்டும்! லைக்காவின் டிஜிட்டல் "எம்-8" 2006-ல் வந்தது.

மலைக்கு உதவுமா?

உள்ளதைச் சொன்னால், சிங்ககட் மலையைப் படம் எடுக்கத் தூரம் அளக்க வேண்டியதே இல்லை. வளையத்தைக் கடைசிவரை திருப்பினால் போதும். பனி அடர்ந்திருந்தால் இரட்டை உருவம் சரியாகத் தெரியவும் தெரியாது. மரத்தின் விளிம்பையோ விளக்குக் கம்பத்தையோ பார்த்துத்தான் அளக்க வேண்டும். தொலைவில் இருப்பதை இழுத்துக் காட்டும் பெரிய லென்சுகளுக்கு இது ஏற்றதல்ல. லென்சு மூடியைக் கழற்ற மறந்தாலும் ஜன்னலில் காட்சி அழகாகவே தெரியும்; படம் மட்டும் இருட்டாக வரும்!

நன்மை இல்லையா? உண்டு. கேமரா சிறியது, மலை ஏறுவோருக்குச் சுமை குறைவு. ஜன்னலில் படத்தின் எல்லையைக் கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பதும் தெரியும். கொக்குக் கூட்டமோ, சைக்கிளில் வரும் பால்காரரோ கோட்டுக்குள் நுழையும் வரை காத்திருக்கலாம். காத்திருக்கப் பழக்குவதுதான் இந்தக் கேமராவின் பெருமை.

கடன் வேண்டாம்

ஆனால் விலை? புதிய லைக்கா ஒன்றுக்குப் பல லட்சம் ரூபாய். லென்சுக்குத் தனி விலை. மாதச் சம்பளத்தில் வாடகையும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும், ஊருக்கு அனுப்பும் பணமும் போக மிஞ்சுவது என்ன என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியும். தவணையில் கேமரா வாங்கி, அந்தத் தவணைக்காக ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்ப்பவன் எந்த மலையில் ஏறிப் படம் எடுப்பான்?

கேமரா கற்றுத்தரும் பழக்கத்துக்கு விலை கிடையாது. கையில் இருக்கும் கைப்பேசியே போதும். காட்சியை இழுத்துப் பெரிதாக்காமல், கால் நடையாக நெருங்கிப் போகலாம். பனியைக் கண்டால் கருவி ஏமாந்து வெண்மையைச் சாம்பலாக்கிவிடும். திரையைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டினால் பனி பனியாகவே வரும். ஒரு காலைக்கு 12 படம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அந்நாளில் ஆக்பா கிளிக் பெட்டிக் கேமராவில் ஒரு சுருளுக்கு 12 படம்தானே! அப்போது எடுத்த படங்கள் இன்னும் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன. இன்று நூற்றுக்கணக்கில் எடுப்பவை எங்கே போகின்றன?

ஒன்றை மறக்கக் கூடாது. கட்கி, தேஹு ரோடு போன்ற ராணுவத் தொழிற்சாலைப் பகுதிகளில் கேமராவை நீட்டுவது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

யார் ஊர் இது?

பொழுதுபோக்குக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். வெறும் பொழுதுபோக்கு அல்ல. புனேயின் குன்றுகளை நோக்கிக் கட்டடங்களும் சாலைகளும் நெருங்கிக்கொண்டிருக்கின்றன. வேதாள் டேக்டி குன்றின் வழியே சாலை போடும் திட்டத்தை எதிர்த்து 2023-ல் பொதுமக்கள் ஊர்வலமே நடத்தினார்கள். குன்று எப்படி இருந்தது என்று நாளை கேட்டால், சாட்சி சொல்லப் படம் வேண்டும்.

பிழைக்க வந்த ஊர்தானே என்று நம்மில் பலர் ஒதுங்கி நிற்கிறோம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இதுதான் சொந்த ஊர். தகப்பன் இந்த ஊரை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை என்று அந்தப் பிள்ளைகள் சொல்லலாமா?

இந்தத் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு குன்றின் மேல் ஏறுங்கள். எடுத்த படங்களில் நல்லதாக ஒன்றைத் தாளில் அச்சிட்டு, பின்புறம் இடமும் தேதியும் எழுதி, ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்புங்கள். மகன் வாழும் ஊர் இது என்று அவர்களும் பார்க்கட்டும்!