வரிசையின் கடைசியில் நிறுத்தப்பட்ட கணவர்கள்

மேற்குச் சிட்னியின் நார்த்மீட், வென்ட்வர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் ஆகிய புறநகர்களில் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றிச் செழித்து வாழ்கின்றன. வார இறுதியில் தமிழ்ப் பள்ளி, வெள்ளிக்கிழமை மாலை மேய்ஸ் ஹில் முருகன் கோயில், ஆண்டுக்கொரு முறை தாயகப் பயணம் என்று அவர்தம் நாட்கள் ஓடுகின்றன. அதே கோயிலில், பூசை முடிந்து குடும்பங்கள் கலைந்த பின்னும் தனித்து அமர்ந்திருக்கும் ஆண்கள் சிலர் உண்டு. வாடகை அறையொன்றை மூவர் நால்வராகப் பகிர்ந்து, தொழிற்சாலையிலும் கட்டடப் பணியிலும் உழைத்து, சிட்னியில் இரவு பதினொன்றரை ஆகும்வரை விழித்திருப்பவர்கள் அவர்கள். அந்த நேரத்தில்தான் முல்லைத்தீவிலோ, மட்டக்களப்பிலோ, தமிழ்நாட்டின் அகதி முகாம் ஒன்றிலோ மாலை ஆறு அல்லது ஏழு மணியாகி, மனைவி வேலை முடித்துத் தொலைபேசியை எடுப்பாள்.

இவர்களைக் காணும் தமிழ்ச் சமூகம் சொல்வது ஒரே சொல்: "பொறுமை." விசா வரும், காலம் கனியும், கடவுள் கண் திறப்பார் என்று ஆறுதல் கூறிவிட்டுத் தன் வாகனத்தில் ஏறிச் செல்கிறது. இயற்கையாக நேர்ந்த தாமதத்திற்கே பொறுமை மருந்தாகும். சட்டம் போட்டு உண்டாக்கிய தாமதத்திற்குப் பொறுமையைப் பரிந்துரைப்பது, அறிந்தோ அறியாமலோ அச்சட்டத்தின் பக்கம் நின்று பேசுவதாகும்.

இத்தாமதம் எவ்வாறு உண்டாக்கப்பட்டது என்பதைப் பலர் இன்னும் அறியார். 2013 டிசம்பரில் ஆஸ்திரேலியக் குடியேற்ற அமைச்சர் 62ஆம் எண் பணிப்புரையைப் பிறப்பித்தார். படகில் வந்து, அகதி என ஏற்கப்பட்டு, நிரந்தர விசாவும் பெற்ற ஒருவர் தம் மனைவியையோ கணவரையோ அழைக்க விண்ணப்பித்தால், அவ்விண்ணப்பம் குடும்ப விசாக்களின் முன்னுரிமை வரிசையில் ஆகக் கடைசியில் வைக்கப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்கு எழுந்தபின், 2016 செப்டம்பரில் அது விலக்கப்பட்டு 72ஆம் எண் வந்தது. 2018 டிசம்பரில் 80ஆம் எண் வந்தது. எண்கள் மாறின, சிறப்புச் சூழல்களுக்குச் சிறு சாளரம் ஒன்று திறக்கப்பட்டது, கடைசி இடம் மட்டும் மாறவில்லை.

கடைசி இடம் என்றால் தாமதம்தானே, மறுப்பு இல்லையே என்று சிலர் வாதிடுவர். கணினி இயக்க முறைமையைப் பாடமாகப் படிக்கும் இரண்டாமாண்டு மாணவர் எவரும் இதற்கு விடை சொல்வார். முன்னுரிமை வரிசையில் மேலிடப் பணிகள் இடைவிடாது வந்து சேர்ந்துகொண்டே இருந்தால், அடியில் கிடக்கும் பணி ஒருநாளும் எடுத்துக்கொள்ளப்படாது. அத்துறையில் இந்நிலைக்குப் 'பட்டினி' என்றே பெயர். அதற்கான தீர்வும் அதே பாடநூலில் உண்டு: காத்திருக்கும் காலம் கூடக்கூட அப்பணியின் முன்னுரிமையையும் உயர்த்திக்கொண்டே வரவேண்டும். எந்திரத்திற்கு வழங்கப்படும் இந்த எளிய நீதிகூட நிரந்தர விசா பெற்ற அகதியின் மனைவிக்கு வழங்கப்படவில்லை. ஆண்டுதோறும் புதிய விண்ணப்பங்கள் வந்தன. பழையவை அடியிலேயே கிடந்தன. கட்டணம் மட்டும் முன்கூட்டியே பெறப்பட்டது. 2015இல் 6,865 டாலராக இருந்த துணைவர் விசாக் கட்டணம் 2025 ஜூலையில் 9,365 டாலராயிற்று.

இந்த அடித்தட்டிலிருந்து வெளியேற ஒரு வழி இருந்தது: விண்ணப்பதாரரின் கணவர் ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்றுவிட்டால் கடைசி இடம் நீங்கும். அக்கதவும் இலேசில் திறக்கவில்லை. அகதிகள் இருவரின் குடியுரிமை விண்ணப்பங்களை முடிவு செய்வதில் நேர்ந்த காலதாமதம் நியாயமற்றது என 2016 டிசம்பரில் பெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு கதவுகளும் ஒரே வீட்டினுடையவை. இரண்டிலும் ஒரே கைதான் தாழிட்டிருந்தது.

இவ்வளவும் நிரந்தர விசா பெற்றோரின் கதை. 2012 ஆகஸ்ட் 13க்குப் பின் படகில் வந்தோருக்கு வரிசையே இல்லை. 2014 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின்படி அவர்களுக்கு மூன்றாண்டுத் தற்காலிகப் பாதுகாப்பு விசா அல்லது 'ஷெவ்' எனப்படும் ஐந்தாண்டு விசா மட்டுமே கிட்டியது. இவற்றைக் கொண்டு மனைவியையும் பிள்ளைகளையும் அழைக்க இயலாது. அஞ்சி ஓடிவந்த நாட்டிற்குத் திரும்பிச் சென்று காணவும் கூடாது. மூன்றாவது நாடொன்றில் சந்திக்கவும் தக்க காரணம் காட்டி முன்னனுமதி பெறவேண்டும். 2012ஆம் ஆண்டில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் படகில் வந்தனர் என்பதை நினைவில் கொண்டால், இவ்விதியின் வலைக்குள் எத்தனை தமிழ் இல்லங்கள் சிக்கின என்பதை ஊகிக்கலாம்.

இவ்விதிக்குக் கூறப்பட்ட காரணம், படகுகளைத் தடுப்பது. வரலாறு என்ன சொல்கிறது? தற்காலிகப் பாதுகாப்பு விசா முதன்முதலில் 1999 அக்டோபரில் புகுத்தப்பட்டது. அன்றும் அது குடும்ப இணைவை மறுத்தது. இரண்டாண்டு கழித்து, 2001 அக்டோபர் 19 அன்று, இந்தோனேசியாவிலிருந்து கிறிஸ்துமஸ் தீவை நோக்கிப் புறப்பட்ட படகொன்று கடலில் மூழ்கியது. 'சீவ் எக்ஸ்' என்று பின்னர் பெயரிடப்பட்ட அப்படகில் மாண்டவர் 353 பேர். அவர்களுள் 146 பேர் குழந்தைகள், 142 பேர் பெண்கள். ஈராக்கியரும் ஆப்கானியருமே மிகுதி. அப்பெண்களில் பலர், ஏற்கெனவே ஆஸ்திரேலியாவில் தற்காலிக விசாவில் இருந்த கணவரிடம் சேரப் புறப்பட்டவர்கள். சட்டப்படி சேரும் வழி அடைபட்டதால் கடல்வழியைத் தேர்ந்தவர்கள். மூன்று மகள்களையும் அக்கடலில் பறிகொடுத்த ஈராக்கியத் தந்தை ஒருவர், உயிர் தப்பி இந்தோனேசியாவில் தனித்துக் கிடந்த தம் மனைவியிடம் போக விரும்பினார். போனால் திரும்பிவர உரிமை இல்லை என்று அவருக்குச் சொல்லப்பட்டது. படகைத் தடுக்கும் என்று சொல்லப்பட்ட விதி, பெண்களையும் குழந்தைகளையும் படகில் ஏற்றிய விதியாயிற்று. 2008இல் கைவிடப்பட்ட அவ்விதியை, இவ்வளவும் தெரிந்த பின்னரே 2014இல் மீண்டும் கொணர்ந்தனர்.

பிரிவு தமிழர்க்குப் புதிதன்று என்று பெருமை பேசுவோர் உளர். பாலைத்திணையை எடுத்துக்காட்டி, காத்திருப்பது தமிழ்ப் பெண்ணின் மாண்பு என்று விழா மேடைகளில் முழங்குவர். அவர்கள் தொல்காப்பியத்தின் கற்பியலைச் சற்றுப் புரட்டிப் பார்க்கலாம். பிரிவுக்கு அது காலவரையறை விதிக்கிறது: கல்வியின் பொருட்டுப் பிரிவது மூன்றாண்டைக் கடவாது, வேந்தன் பணிக்குப் பிரிவது ஓராண்டின் எல்லைக்குள், ஏனைப் பிரிவுகளும் அவ்வாறே. போருக்கு அனுப்பிய வேந்தனுக்கும் இலக்கணம் ஓர் எல்லை வகுத்தது. குடியேற்றத் துறைக்கு எந்த எல்லையும் வகுக்கப்படவில்லை.

வெளியே எழும் எதிர்ப்பைவிட உள்ளிருந்து எழும் எதிர்ப்பே வருந்தத்தக்கது. "இவர்கள் வரிசை தாண்டி வந்தவர்கள், முறைப்படி வந்தோர் எத்தனை பேர் இருக்க, இவர்களுக்கென்ன அவசரம்?" என்னும் பேச்சு நார்த்மீட்டின் வரவேற்பறைகளிலும் ஒலிக்கிறது. திறன் விசாவில் வந்த பொறியாளரின் விண்ணப்பப் படிவத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது. ஒரே விண்ணப்பத்தில் குடும்பம் முழுவதும் வந்து சேர்ந்தது. செம்மணியையும் முள்ளிவாய்க்காலையும் கண்டு தப்பியோடியவருக்கு அப்படிவம் நீட்டப்படவில்லை. வரிசையே இல்லாத இடத்தில் வரிசை தாண்டுவது எங்ஙனம்?

மேலும், முறைப்படி வந்தோரின் வீட்டுக் கதவையும் இத்தாமதம் தட்டியதை மறக்கலாகாது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ மணமுடித்துத் திரும்பிய குடியுரிமை பெற்ற இளைஞர்களும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 1958ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 87ஆம் பிரிவு, துணைவர் விசாக்களை எண்ணிக்கை உச்சவரம்பிலிருந்து விலக்கி வைக்கிறது. ஆயினும் திட்டமிடல் என்னும் பெயரில் ஆண்டு எண்ணிக்கை ஒன்று வைத்துக்கொண்டனர். 2019-20இல் அது 39,799. தேங்கிய விண்ணப்பங்கள் ஒரு லட்சத்தை நெருங்கின. இது சட்டத்திற்கு முரண் என அத்துறையின் முன்னாள் துணைச் செயலர் அபுல் ரிஸ்வியே எழுதினார். அடுத்த ஆண்டு, கொரோனாவால் எல்லைகள் மூடிக்கிடந்த அதே ஆண்டில், எண்ணிக்கை 72,300 ஆக உயர்த்தப்பட்டது; உள்நாட்டிலிருந்து விண்ணப்பித்தோருக்கே முதலிடம் என்றாலும், அத்தனை விசாக்களும் வழங்கப்பட்டன. அலுவலர்கள் ஒரே இரவில் இருமடங்கு திறமைசாலிகள் ஆகிவிடவில்லை. மேலிடம் விரும்பியது, வேலை நடந்தது. எனவே தாமதம் என்பது எப்போதும் ஒரு முடிவுதான்.

பிரிந்திருப்போருக்கு வழங்கப்படும் அறிவுரைகளுக்கு வருவோம். உடற்பயிற்சி செய்க, மனத்தைப் பணியில் செலுத்துக, நாள்தோறும் பேசுக என்பன தீயவை அல்ல. பயனும் உண்டு. ஆனால் தொலைபேசித் திரையில் தந்தையைக் கண்டு வளர்ந்த பிள்ளை ஒரு வயதிற்கு மேல் பேசுவதற்குச் சொற்களின்றித் தாயிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு அகல்வதற்கு எந்த உடற்பயிற்சி மருந்து? அங்கே தனித்திருக்கும் மனைவியின் நிலை இன்னும் கொடியது. விதவை என்றால் ஊர் இரங்கும். கணவன் வெளிநாட்டில் என்றால் பொறாமைப்படும். பத்தாண்டு கடந்தும் அழைக்கவில்லை என்றால் அவளையே ஐயுறும். படகுக்குப் பட்ட கடனுக்கு வட்டி கட்டுபவளும் அவளே. "அங்கே அவனுக்கு வேறு குடும்பம் இருக்கும்" என்று அவள் காதில் போடும் உறவினரும், இங்கே அவனிடம் "அவளை விட்டுத் தள்ளு, வேறு பார்க்கலாம்" என்னும் நண்பரும் அமைச்சரின் பணிப்புரையை ஊதியமின்றி நிறைவேற்றுகின்றனர்.

2023 பெப்ரவரியில் நிலை ஓரளவு மாறியது. தற்காலிக விசாவில் இருந்த ஏறத்தாழ 19,000 பேர் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்க வழி பிறந்தது; அவர்கள் குடும்பத்தை அழைக்கவும் உரிமை பெற்றனர். வரவேற்கத்தக்கதே. எனினும் இழந்த ஆண்டுகளை அது திருப்பித் தரவில்லை. 2012இல் பத்து வயதில் விடப்பட்ட மகன் 2025இல் இருபத்து மூன்று வயதை எட்டிவிட்டான். அவ்வயதை எட்டிய பிள்ளை, உடல்நலக் குறைவால் சார்ந்திருந்தாலன்றி, பொதுவாகக் குடும்ப உறுப்பினன் எனக் கருதப்படான். அரசே காலத்தைக் கடத்தி, அரசே வயதைக் காட்டி மறுக்கிறது.

சான்று கேட்கும் முறையோ அதனினும் விந்தையானது. துணைவர் விசாவுக்குப் பொருளாதார இணைவு, இல்லற அமைப்பு, சமூக ஏற்பு, பற்றுறுதி ஆகிய நான்கையும் அலுவலர் ஆராய வேண்டும் என்கிறது விதி. கூடிவாழத் தடைவிதித்த அரசே கூடிவாழ்ந்ததற்குச் சான்று கேட்கிறது. ஆகவே, பணம் அனுப்பிய பற்றுச்சீட்டு, அழைப்புப் பட்டியல், மூன்றாம் நாட்டில் சந்தித்த பயணச்சீட்டு ஆகியவற்றைத் தொடக்கம் முதலே சேர்த்து வைப்பது இன்றியமையாதது. ஆங்கிலம் அறிந்த இளையோர் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி இவற்றை நிரல்படுத்தித் தந்தால், அது நூறு ஆறுதல் சொற்களுக்கு மேல்.

2023இன் கதவும் எல்லோருக்கும் திறக்கவில்லை. 'விரைவுப் பாதை' என்னும் அவசர விசாரணையில் மறுக்கப்பட்ட பல்லாயிரவர் வெளியே நிற்கின்றனர். அவ்விசாரணை நியாயமற்றது என்று தன் கொள்கை அறிக்கையில் எழுதிய கட்சியே ஆட்சிக்கு வந்தது. அதன் மேல்முறையீட்டு அமைப்பை 2024 அக்டோபரில் மூடியும் விட்டது. மறுக்கப்பட்டோரின் மறுப்பு மட்டும் நீக்கப்படவில்லை. அவர்களுக்காக 2023இல் தமிழ்த் தந்தை ஒருவர் பல்லரட்டிலிருந்து சிட்னி வரை 1,000 கிலோமீட்டர் நடந்தார். அதே ஆண்டு 22 பெண்கள் மெல்போர்னிலிருந்து கான்பெராவுக்கு 640 கிலோமீட்டர் நடந்தனர். 2024இல் மெல்போர்ன் டாக்லண்ட்ஸில் குடியேற்றத் துறை அலுவலகத்தின் முன் நூறு நாட்களுக்கு மேல் கூடாரமிட்டு அமர்ந்தனர்.

அகதியின் பிள்ளைகளுக்குக் குடும்ப இணைவை மனிதநேயத்துடனும் விரைவாகவும் பரிசீலிக்க வேண்டும் எனக் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 10ஆம் உறுப்பு கூறுகிறது. ஆஸ்திரேலியா அதை 1990இலேயே ஏற்றது. கனடாவில் அகதியாக ஏற்கப்பட்டவர் தம் நிரந்தர வதிவிட விண்ணப்பத்திலேயே வெளிநாட்டில் உள்ள துணைவரையும் சார்ந்த பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கும் தாமதம் உண்டு. ஆனால் படிவத்தில் பெயர் எழுத இடம் உண்டு.

தைப்பொங்கல் தோறும் மேற்குச் சிட்னியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வேட்டியும் பொன்னாடையும் அணிந்து மேடையேறுகின்றனர். பெற்றோர் கைகூப்பி வரவேற்கின்றனர். இளையோர் படம் எடுத்துக்கொள்கின்றனர். அடுத்த பொங்கலில் அம்மேடையில் மூன்று கேள்விகள் கேட்கப்படட்டும். துணைவர் விசா முடிவுக்குச் சட்டத்தில் காலவரம்பு எப்போது எழுதப்படும்? தந்தை பாதுகாப்புக் கோரிய நாளில் பிள்ளைக்கு இருந்த வயதையே கணக்கில் கொள்ள ஏன் இயலாது? விரைவுப் பாதையில் மறுக்கப்பட்டோருக்கு விடிவு எந்த மாதம்? கேட்பவர் குடியுரிமையும் வாக்கும் உடைய குடும்பத்தவராக இருக்க வேண்டும். இணைப்பு விசாவில் இருப்பவன் அம்மேடையின் கீழ், பெரும்பாலும் பின்வரிசையில், நாற்காலி அடுக்கும் தொண்டனாக நின்றுகொண்டிருப்பான்.